கொல்லமேட்டில் நான் போட்ட கூச்சல்

1

போன வாரம் என் மகள் எஸ்தர் பள்ளியிலிருந்து வீடு திரும்ப இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. அவளுக்குப் பத்து வயது. இங்கே ஸ்டுட்கார்ட்டில் அந்த வயதுப் பிள்ளைகள் தனியாக டிராமில் வந்து போவது சாதாரணம். அவள் வகுப்பில் டிராம் நிறுத்தத்துக்குப் போய் நிற்கும் அப்பா நான் ஒருவன்தான்.

நான்காவது நிமிடத்தில் காலணியை மாட்டினேன். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தத்தில் நின்று, வந்த ஒவ்வொரு வண்டியின் கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஜெர்மனில் பதில் சொல்ல வாயைத் திறந்தால் தமிழ் வந்தது. "பொண்ணு இன்னும் வரல" என்றேன். அவர் புன்னகைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

எஸ்தர் தோழியோடு சிரித்துக்கொண்டே இறங்கினாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "மறுபடியுமா அப்பா?" என்று ஜெர்மனில் கேட்டாள். தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஜெர்மனில்தான் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கொல்லமேட்டில் அது நடந்து ஓராண்டு ஆகிறது. ஈஸ்டருக்கு ஏன் ஊருக்கு வரவில்லை என்று சொந்தக்காரர்களும் பழைய நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லீவு கிடைக்கவில்லை, என் மனைவி பிரேமாவுக்கு முதியோர் இல்லத்தில் டியூட்டி மாற்ற முடியவில்லை என்றெல்லாம் சொல்லி வைத்தேன். உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன்.

2

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பெரிய சாலையில், ஏரிப் பக்கம் இறங்கும் கிளைச் சாலையின் கடைசியில் இருந்தது கொல்லமேடு. நாற்பது சொச்சம் வீடுகள், ஓடு போட்ட ஒரு சர்ச். நல்ல ஊர் என்று நான் சொல்ல மாட்டேன். கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காக எங்கள் பெண்கள் மெயின் ஊர்க் கிணற்றடியில் ஒதுங்கி நின்று, யாராவது ஊற்றும் வரை காத்திருப்பார்கள். அந்த ஊர் அப்படியே இருந்திருக்கலாமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முதலில் அளவுக் கல் நட்டார்கள். பிறகு சுற்றுச்சுவர், அதற்குள் வானத்தைத் தொடுகிற மாதிரி தொழிற்சாலைகளின் நீல நிறக் கூரைகள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு நான் அவற்றில் ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். லைனில் நின்றேன், இன்ஸ்பெக்டர் ஆனேன், ஆறு மாதப் பயிற்சிக்கென்று ஜெர்மனி வந்தேன். பதினான்கு வருடம் ஆகிறது. அந்தத் தொழிற்சாலைகள் வந்திருக்காவிட்டால் இந்தக் குறிப்பை எழுத நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் கொல்லமேடு வேறாக இருந்தது. ஒருமுறை போனபோது வீட்டுக்கு வீடு பின்புறம் சிமென்ட் ஷீட் போட்டு, வேலைக்கு வந்த பையன்களுக்கு அறை விட்டிருந்தார்கள். அடுத்த முறை அந்த அறைகள் நாலு மாடி லாட்ஜாக உயர்ந்திருந்தன. அதற்கும் அடுத்த முறை ஏரிக்கரையில் பன்னிரண்டு மாடியில் ஐந்து கோபுரங்கள். வெளிநாட்டு மேனேஜர்களும் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர்களும் குடியேறினார்கள். கொரிய எழுத்தில் பலசரக்குக் கடை, நாய்க்கு முடி வெட்டும் கடை, ஒரு காபிக்கு அரை மணி நேரம் உட்கார வைக்கும் கடை. சர்ச்சுக்குப் புது முகப்பு கட்டினார்கள். ஊருக்கும் புதுப் பெயர் வந்தது. போன் வரைபடத்தில் 'லேக் பேர்ல் அவென்யூ' என்று இருக்கிறது. கொல்லமேடு என்று தட்டினால் விழுப்புரம் பக்கம் வேறு ஏதோ ஊரைக் காட்டுகிறது.

பழைய வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதில் என் அக்கா லில்லி இருக்கிறாள். தன்னந்தனி ஆள். வீட்டு முன்புறம் தகரக் கூரை போட்டு மெஸ் நடத்துகிறாள். லாட்ஜில் இருக்கும் ஆட்கள்தான் அவளுக்கு வாடிக்கை. ஒடிசா, பீகார், அஸ்ஸாம், நம் ஊர் விருதுநகர், எல்லாரும் அவளுக்கு 'தம்பி'தான்.

கோபுரத்துக்காரர்களுக்கு லாட்ஜ்களைக் கண்டால் ஆகாது. பால்கனியில் லுங்கி காய்கிறது, கும்பலாக நிற்கிறார்கள், பார்வை சரியில்லை என்று அவர்கள் சங்கத்தில் புகார் போய்க்கொண்டே இருந்தது. அதையெல்லாம் அக்கா போனில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

3

போன வருடம் ஈஸ்டர் விடுமுறையில் எஸ்தரை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். போய்ச் சேர்ந்த மறுநாள். நல்ல வெயில். மதியம் சாப்பிட்டதும் பயணக் களைப்பில் என்னையறியாமல் தூங்கிவிட்டேன். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

விழித்தபோது இரண்டே கால். வரைந்த தாள் கிடந்தது, அவள் இல்லை. அக்காவிடம் இருப்பாள் என்று முன்புறம் போனேன்.

"அக்கா, எஸ்தர் எங்க?"

"உன்னாண்ட தான இருந்துச்சு? நான் பார்சல் கட்டிக்கினு இருந்தேன்டா." அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாடா சாமு, கொயந்த வூட்ல இல்லியா?"

கழிப்பறை, மொட்டை மாடி, பக்கத்துக் கடை, எங்கும் இல்லை. முந்தின நாள் ராத்திரி நான் சின்ன வயதில் ஏரியில் நீந்தின கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். ஏரி எங்கே என்று கேட்டாள். நாளைக்குப் போகலாம் என்றேன். மத்தியானம் சாப்பிடும்போது இன்னொரு தடவை கேட்டாள். வெயில் தாழட்டும் என்றேன். அது நினைவுக்கு வந்ததும் என் கால்கள் தாமாகவே ஓடத் தொடங்கின.

ஏரிக்குப் போகும் வழியில், முதலில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தரைக்கிணற்றுக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு அது. சின்ன வயதில் எங்களுக்குப் பெரிய பயம் அதுதான். கிணறு இல்லை. மூடி, அதன்மேல் சலவைக் கடை கட்டியிருந்தார்கள். பிறகு மண் எடுத்த பள்ளம். என்னோடு படித்த ஒருவன் மழைக்காலத்தில் அதில் இறங்கியவன் ஏறவே இல்லை. அந்த இடத்தில் கோபுரத்துக்காரர்களின் உடற்பயிற்சிக் கூடம் நின்றது. கண்ணாடிக்கு உள்ளே ஒருவர் ஓடும் பட்டையில் ஓடிக்கொண்டிருந்தார்.

அங்கே நின்றபோது வந்த பயம் இன்றைக்கும் போகவில்லை. ஆபத்தான இடங்கள் என்று எனக்குத் தெரிந்தவை எல்லாம் முடிந்துபோய்விட்டன. இந்தப் புது ஊரில் ஒரு குழந்தை எங்கே போகும், எதில் மாட்டும், எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பி ஓடுவது என்று தெரியாமல் நின்றேன்.

ஏரிக்கரையை அடைத்து நின்ற கோபுரங்களின் வாசலில் காவலாளியிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மஞ்சள் சட்டை, ரெட்டைப் பின்னல்.

"எந்த டவர் சார்? ஃபிளாட் நம்பர் சொல்லு."

"டவர் இல்லங்க. நான் கொல்லமேடு."

"அது எங்க இருக்கு சார்?"

அவர் நின்றிருந்த இடம்தான் கொல்லமேடு. சொல்ல எனக்கு மூச்சு இல்லை. காபிக் கடைப் பெண்ணும் அதையே கேட்டாள். போனில் பிரேமாவின் பெயர் வரை போய் நிறுத்தினேன். என்னவென்று சொல்வது? நான் தூங்கிவிட்டேன் என்றா? போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பெரிய சாலையை நோக்கி ஓடினேன். புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் நீள லாரிகள், கன்டெய்னர்கள், ஒன்று விட்டு ஒன்று. எஸ்தருக்கு ஜெர்மனியில் சிக்னல் பார்த்துச் சாலையைக் கடக்கத்தான் தெரியும். பச்சை விளக்கு எரிந்தால் எல்லா வண்டியும் நின்றுவிடும் என்று நம்புகிற குழந்தை.

4

அப்போதுதான் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வந்து நின்றன. கிளைச் சாலை முழுக்க யூனிபார்ம் ஆட்கள். அந்தக் கூட்டத்துக்கு அப்பால், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவில் நுழையும் சந்தின் வாயில் மஞ்சள் சட்டை தெரிந்தது. எஸ்தர்தான். முப்பது வயது இருக்கும் ஓர் ஆள் அவள் கையைப் பிடித்து அந்தச் சந்துக்குள் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான். கறுத்த, மெலிந்த, வடக்கத்தி முகம்.

நான் கத்தினேன்.

"புடிங்க! அவனப் புடிங்க! எம்பொண்ணத் தூக்கினு போறான்!"

இந்தப் பதினான்கு வருடத்தில் நான் ஒருமுறையும் அப்படிக் கத்தியதில்லை. நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்த என் ஊர்ப் பேச்சில், அடிவயிற்றிலிருந்து வந்தது அது.

அடுத்து நடந்தது மிக வேகமாக நடந்தது. நான் போய்ச் சேருவதற்குள் பத்து இருபது பேர் அவனைச் சூழ்ந்துவிட்டார்கள். எஸ்தரை யாரோ பிடித்து இழுத்து என் பக்கம் தள்ளினார்கள். "புள்ள புடிக்கிறவன்டா!" என்று ஒருவர் கத்தினார். "இவனுங்க வந்ததுலர்ந்தே இதான் சார்" என்றார் இன்னொருவர். முதல் அடி கன்னத்தில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கைகளும் பூட்ஸ் கால்களும்தான் தெரிந்தன.

எஸ்தர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். "அவரை விடுங்க! அவர் எனக்கு உதவி செஞ்சார்! அவரை விடுங்க!" ஜெர்மனில். அவள் எவ்வளவு கத்தியும் அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. குழந்தை பயத்தில் அழுகிறது என்றுதான் நினைத்தார்கள். இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

எனக்குப் புரிந்தது. முதல் வார்த்தையிலேயே புரிந்தது.

நான் உடனே வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பிரேமாவிடமும்கூட. அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். தவறாகக் கத்திவிட்டேன் என்று சொன்னால் இந்தக் கூட்டம் என் பக்கம் திரும்புமோ என்று பயந்தேன். குழந்தை எதுவும் புரியாமல் சொல்கிறதோ என்றும் ஒரு மூலையில் ஓடியது. ஜெர்மனி வந்த புதிதில், பூங்காவில் விழுந்த ஒரு குழந்தையை நான் தூக்கி நிறுத்த, அதன் தாய் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது எனக்கு மறக்கவில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது தெரிந்த நான்தான் அங்கே நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், பரமண்டல ஜெபத்தில் பாதி சொல்லும் நேரம் என்பேன். எஸ்தரைக் கேட்டால் ரொம்ப நேரம் என்பாள்.

சந்துக்குள்ளிருந்து அக்கா ஓடி வந்தாள். கூட்டத்துக்குள் தலையை விட்டவள் அலறினாள்.

"டேய், வுடுங்கடா! அவன் நம்ம மெஸ்ல துன்றவன்டா! கைய எட்றா! எட்றாங்கறேன்!"

அடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள். ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். அப்போதுதான் என் வாயிலிருந்து, "விட்டுடுங்க, தப்பு என்னுது" என்று வந்தது. அது யார் காதிலும் விழுந்திருக்காது.

அந்த ஆள் தரையில் கிடந்தார். ஒரு காதிலிருந்து ரத்தம் வடிந்தது. பெயர் சனாதன். ஒடிசாக்காரர், ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. அன்று அவருக்கு வார லீவு. ஏரியைத் தேடி வழி தவறிப் போய், பெரிய சாலையைக் கடக்க ஓரத்தில் நின்றுகொண்டிருந்த எஸ்தரைப் பார்த்து இழுத்து நிறுத்தியிருக்கிறார். அவர் பேசியது அவளுக்குப் புரியவில்லை, அவள் பேசியது அவருக்குப் புரியவில்லை. அவள் "லில்லி அத்தை, லில்லி அத்தை" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. இருவரும் சந்துக்குள் நுழைந்தது அதனால்தான். அந்தச் சந்து அக்கா வீட்டுப் பின்வாசலுக்குப் போகிறது. அது எனக்குத் தெரியாது.

5

யாரோ போன் பண்ணியிருந்ததால் போலீஸ் வந்துவிட்டது. சனாதனை அக்கா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். ஒரு கான்ஸ்டபிளும் கூடப் போனார். நானும் எஸ்தரும் காவல் நிலையத்துக்குப் போனோம்.

எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். "வெளிநாட்டுக் குழந்தை சார். மேல வரைக்கும் போகும். கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"சார், அவர் மேல தப்பு இல்ல. காணாமப்போன குழந்தைய வீட்டுக்குக் கூட்டினு வந்தவர் அவர். நான்தான் தப்பாக் கத்திட்டேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பாஸ்போர்ட்டையும் கேட்டார். எஸ்தருடையது ஜெர்மன் பாஸ்போர்ட். அங்கே குடும்பப் பெயர் இல்லாமல் விடமாட்டார்கள் என்பதால் என் அப்பா பெயரான தங்கராஜ் எங்கள் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது.

"எஸ்தர் தங்கராஜ்னு இருக்கே. தங்கராஜ் யாரு? குழந்தையோட அப்பாவா?"

"இல்ல சார், எங்க அப்பா."

"அப்ப நீங்க?"

"நான்தான் சார் அவ அப்பா. சாமுவேல்."

"அம்மா எங்க?"

"ஜெர்மனியில."

"உங்க விலாசம்?"

"கொல்லமேடு."

அவர் கணினியில் தேடச் சொன்னார். பட்டியலில் அப்படி ஓர் இடம் வரவில்லை. அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். குழந்தையின் பெயரில் நான் இல்லை, அம்மா ஊரில் இல்லை, விலாசம் கணினியில் இல்லை, முதலில் ஒன்று கத்திவிட்டு இப்போது வேறு சொல்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இன்னொருவர் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன். ஒரு வித்தியாசம், என்னை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள்.

எஸ்.ஐ. எஸ்தரின் பக்கம் குனிந்தார். "பாப்பா, இவரு யாரு?"

அவளுக்குக் கேள்வி புரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் அதிகம் பயந்தது அவளைத் தேடி ஓடியபோது அல்ல. அந்த அறையில், அந்த மௌனத்தில்தான்.

"அப்பா" என்றாள் கடைசியில், தமிழில். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் அங்கே வந்திருந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாண்ணே நீ, தப்பு உன்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டு இங்க சிக்கிக்காத. ஒண்ணும் எழுதாம கெளம்பிடு" என்றான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துவிடுவார்களோ, திரும்பிப் போகவே முடியாதோ என்று நான் பயந்தது உண்மை. அரைமணி நேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். பிறகு உள்ளே போய் எழுதினேன். சனாதன் குற்றமற்றவர், உதவி செய்தார், நான் அவசரப்பட்டுக் கூச்சல் போட்டதால் அடிபட்டார். கீழே கையெழுத்துப் போட்டேன். எஸ்.ஐ. படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். அடித்தவர்கள் மேல் வழக்கு எதுவும் பதிவானதாக நான் கேள்விப்படவில்லை.

6

சனாதனின் இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நானும் எஸ்தரும் போனோம். நான் கைகூப்பினேன். அவர் என்னைப் பார்த்ததும் படுக்கையில் பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் முட்டும் வரை நகர்ந்தார். எஸ்தர் பக்கத்தில் போய் நின்றதும் லேசாகத் தலையசைத்தார். மூன்றாம் நாள் ரயிலேறி ஊருக்குப் போய்விட்டார். அவர் லாட்ஜ் அறையில் கூட இருந்த நான்கு பேரும் அதே வாரத்தில் காலி செய்யச் சொல்லப்பட்டார்கள்.

நாங்கள் ஜெர்மனி திரும்பிய பிறகு மீதி நடந்தது. நடந்த செய்தி கோபுரத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குழந்தைக் கடத்தல் முயற்சி என்றே சுற்றியது. நான் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி யாருக்கும் தெரியாது. அவர்கள் சங்கம் கூடி, கிளைச் சாலையில் இரும்பு கேட் போட்டது. கேமரா வைத்தது. வெளி மாநில ஆட்களுக்கு அறை விடக்கூடாது என்று லாட்ஜ்காரர்களிடம் பேசியது. மெஸ்ஸில் பாதி இலை குறைந்தது. சர்ச்சு கேட்டுக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்டதால், ஞாயிறு தோறும் அக்கா பெயர் எழுதி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் ஜெபத்துக்குப் போகிறாள்.

"எந்த வூடுன்னு கேக்கறான்டா அந்த செக்யூரிட்டி. நான் பொறந்த ஊர்ல எந்த வூடுன்னு என்னாண்ட கேக்கறான்" என்றாள் போனில். பிறகு, "நீ கத்துன ஒரு கத்துல கேட்டு போட்டுட்டானுங்கடா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

7

எஸ்தர் இந்த ஒரு வருடத்தில் என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் முடிந்ததா, எல்லாவற்றுக்கும் பதில் வரும். தானாக வந்து எதையும் சொல்வதுதான் நின்றுவிட்டது. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் விலகும் என்கிறாள் பிரேமா. அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். இதைப் படிக்கும்போது மீதியும் தெரிந்துவிடும்.

டிராம் நிறுத்தத்திலிருந்து திரும்பிய அன்று மாலை எஸ்தர் ஒரு தாளோடு என் முன்னால் வந்து நின்றாள். சனாதனுக்கு ஒரு கடிதம். அவருடைய ஊர் விலாசத்தை அவளே அக்காவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஜெர்மனில் எழுதியிருந்தாள். என் அலுவலகத்தில் ஒடியா தெரிந்த ஒருவர் இருப்பதை எப்போதோ நான் சொன்னது அவள் நினைவில் இருந்திருக்கிறது. நான் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தால் அவர் ஒடியாவில் எழுதித் தருவார் இல்லையா என்று கேட்டாள்.

நன்றி சொல்லியிருந்தாள். காது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள். அன்று அவர் வாங்கிக் கொடுத்த மாம்பழச் சாறு பிடித்திருந்தது என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வரி: "உங்களை விடச் சொல்லித்தான் நான் கத்தினேன். அங்கே அது ஒருவருக்குப் புரிந்தது. அவர் என் அப்பா."

முதலில் அந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் மொழிபெயர்த்தேன். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். வாசித்தாள். தாளை மேசைமேல் வைத்து, விடுபட்ட இடத்தில் விரலை வைத்தாள். நான் எழுதிச் சேர்த்தேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் அந்த ஒடியா நண்பர் கடிதத்தை மெதுவாக எழுதிக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையும் எழுதணுமா?" என்று கேட்டார்.

"எழுதுங்க" என்றேன்.